சரவணை வீட்டின் இரண்டு கணக்குகள்

யாழ்ப்பாணத் தீவுப்பகுதியிலுள்ள சரவணையில் சீதன உறுதியோடு ஒரு பெண்ணுக்குக் கிடைத்த வீடு அது. 1990இல் தீவுப்பகுதி இடம்பெயர்ந்தபோது குடும்பம் அதைப் பூட்டிவிட்டு யாழ்ப்பாணத்துக்கும், பின்னர் கனடாவுக்கும் போனது. போர் முடிந்து 2010இல் அந்தப் பெண், ரொறன்ரோ வீட்டை ஈடுவைத்துக் கடனெடுத்து, சரவணை வீட்டைத் திருத்தினார். பின்வளவில் குளியலறையோடு இரண்டு அறைகளும் கட்டுவித்தார். மாற்றலாகி வருகிற ஆசிரியர்கள் எல்லோராலும் பண்ணைப் பாலத்தால் தினமும் பஸ்ஸில் வந்துபோக முடியாது. அவர்கள் வாடகைக்கு வருவார்கள் என்று நம்பினார். வந்தார்கள்.

பார்த்துக்கொள்ளச் சித்தப்பாவின் மகனை விட்டார். "வாடகையை எடுத்து வீட்டைப் பார் தம்பி, மிச்சத்தைப் பிறகு பாப்பம் எண்டனான்" என்றார், அவருடைய வழக்கறிஞரான என்னிடம். அதற்குமேல் ஒரு எழுத்தும் இல்லை.

பத்து வருடம் கடந்தபின் மகளுக்கு எழுதவென்று அவர் வீட்டைக் கேட்டபோது, தம்பி மறுத்தார். மின்கட்டணம் தன் பெயரில், பிரதேச சபையின் சோலைவரிப் பதிவு தன் பெயரில், ஆட்சியும் தன்னுடையது என்றார். எங்கள் ஊரில் பலர் நம்புகிற சட்டம் அதுதான்: பத்து வருடம் இருந்தால் வீடு இருந்தவனுக்கு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு பத்து வருடம் என்று சொல்வது உண்மை. அந்தப் பத்து வருடமும் உரிமையாளருக்கு எதிரான அல்லது சுயமான ஆட்சியாக இருக்கவேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அதை யாரும் வாசிப்பதில்லை. தகராறு நீதிமன்றத்துக்குப் போனது.

2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போரால் வழக்குப்போட முடியாமற் போனவர்களுக்கு அந்தக் காலத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. பலருடைய காணியை அது காப்பாற்றியிருக்கிறது. எங்களுக்கு உதவாது, தம்பி உள்ளே வந்ததே 2010இல். நாங்கள் நின்ற இடம் 1903இல் கோமறைக் கழகம் (பிரிவி கவுன்சில்) வரை போன நாகுதா மரிக்கார் எதிர் முகமது வழக்கு. முகவராக, மேற்பார்வைக்காரராக ஒருவர் காணிக்குள் வந்தால், அந்த நிலையை வெளிப்படையாக மாற்றும்வரை, அவர் முகவராகவே இருக்கிறார் என்பது அதன் தீர்ப்பு. சரி, இவர் முகவராக வந்தார் என்பதற்கு என்ன சாட்சி? வாய்ச்சொல் மட்டும்.

வழக்கு விளக்கத்தில் தம்பி தானே ஒரு கொப்பியைக் கொண்டுவந்தார், வீட்டுக்குத் தான் செலவழித்ததைக் காட்ட. வாடகை வரவு மாதவாரியாக இருந்தது. செலவில் குழாய், சுண்ணாம்பு, 2020 டிசம்பர் புரெவிப் புயலுக்குப் பிறகு மாற்றிய கூரை ஓடு எல்லாம் இருந்தன. முதற்பக்கத் தலைப்பு: "அக்காவின்ர வீட்டுக் கணக்கு".

குறுக்கு விசாரணையில் அந்தத் தலைப்பை வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். யார் எழுதியது என்று கேட்டேன். "நான்தான் ஐயா."

மற்றக் கணக்கு ரொறன்ரோவில் இருந்தது. வருமானம் தேட எடுத்த கடன் என்று காட்டினால் அதன் வட்டியை வாடகை வரவில் கழிக்கக் கனடாவின் வரிச்சட்டம் விடுகிறது. கழிப்பதென்றால் முதலில் வாடகையைக் காட்டவேண்டும். அவர் ஒவ்வொரு வருடமும் தம்பியிடம் தொலைபேசியில் தொகையைக் கேட்டு, கைக்கு ஒரு சதமும் வராத அந்த வாடகையைத் தன் வருமானமாக எழுதியிருந்தார். தகராறு தோன்றுமுன் எழுதிய எழுத்து என்பதால் அதற்குப் பெறுமதி அதிகம். இரண்டு கணக்கையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, புயல் வருடம் தவிர மற்ற எல்லா வருடமும் தொகை ஒத்துப்போனது. பிழையான வாதத்தைக் கொண்டுவந்த தம்பி, சரியான கணக்கு வைத்திருந்தார். எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது அன்றுதான்.

தீர்ப்புக்குப் போகவிடாமல் சமாதானம் பேசினேன். கொப்பி அவருடைய உரிமைக் கோரிக்கையை உடைத்தது. அதே கொப்பி அவர் கேட்கக்கூடிய செலவையும் நிறுவியது. கூரைச் செலவு முழுவதையும் அக்கா கொடுத்தார். பத்து வருட உழைப்புக்கு ஒரு தொகையும் கொடுக்கச் சொன்னேன். அதைக் கேட்டு முகம் மாறினார், ஆனால் கொடுத்தார். தம்பி உரிமையை ஒப்புக்கொண்டு மன்றில் கையொப்பமிட்டார்.

மிச்சம் எழுத்து வேலை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் இரண்டு சாட்சியோடு எழுதாவிட்டால் செல்லாது. ஆசிரியர்களோடு அப்படியே எழுதினோம். தம்பிக்குத் தனியாக மேற்பார்வை ஒப்பந்தம் போட்டோம். அவர் முகவர் என்பது அதன் முதல் வரி, வாடகையில் அவருடைய பங்கு இரண்டாம் வரி.

அக்கா கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டியிருந்தது. இலங்கையில் வருடத்தில் 12 இலட்சம் ரூபாயாக இருந்து, 2025 ஏப்ரலிலிருந்து 18 இலட்சமாகிய தனிநபர் வரி நிவாரணம் உண்டு என்பதால் சின்ன வாடகைக்கு வரியில்லை என்று ஊரில் சொல்வார்கள். அந்த நிவாரணம் இங்கு வதிபவர்களுக்கும், வெளியே வதிகிற இலங்கைப் பிரசைகளுக்கும் உரியது. கனடாப் பிரசையாகி, இரட்டைப் பிரசாவுரிமை எடுக்காதவருக்கு அது கிடையாது. முதல் ரூபாயிலேயே பொறுப்புத் தொடங்குகிறது. இங்கு கட்டிய வரியை அங்கு கட்டவேண்டிய வரியில் கழிக்கலாம், பற்றுச்சீட்டு இருந்தால். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் கோப்புத் திறந்தார். இரட்டைப் பிரசாவுரிமைக்கும் விண்ணப்பித்தார்.