கிறுக்கிய கைகளே காவலாகிய நகரம்



மாலை நேரம். அஸர் தொழுதுவிட்டுத் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள். வாசலில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து நிற்கிறார். புதிதாக வெள்ளையடித்த அவருடைய மதிலில் உங்கள் மகன் கரிக்கட்டியால் தன் பெயரைப் பெரிதாக எழுதிவிட்டானாம். பிள்ளைக்குப் பதின்மூன்று வயது. நீங்கள் என்ன செய்வீர்கள்?

இரண்டு அடி போடுவீர்கள். அல்லது, "வாப்பா வரட்டும், சொல்லித் தருகிறேன்" என்பீர்கள். மதிலை நாமே கழுவிக் கொடுத்துவிட்டு வெட்கத்தோடு மன்னிப்புக் கேட்போம். நம்மில் பெரும்பாலோர் செய்வது இதுதான். ஆனால் அந்தப் பிள்ளை ஏன் வேறெதையும் எழுதாமல் தன் பெயரை எழுதினான் என்று கேட்டுப் பார்க்கிறோமா?

இந்தக் கேள்வியை ஒரு நகரமே கேட்க நேர்ந்தது. அந்த நகரத்துக்கு இன்று உங்களை அழைத்துச் செல்கிறேன், வாருங்கள்.

அமெரிக்காவின் கிழக்குப் பக்கம், நியூயோர்க்குக்கும் வாஷிங்டனுக்கும் இடையே, டெலவெயர் ஆற்றங்கரையில் இருக்கிறது பிலடெல்பியா. கிரேக்க மொழியில் இப்பெயருக்குச் சகோதர வாஞ்சை என்று பொருள். வில்லியம் பென் என்பவர் 1682 இல் இந்நகரை அமைத்தபோது, மக்கள் காற்று வாங்குவதற்கென ஐந்து சதுக்கங்களை வரைபடத்திலேயே ஒதுக்கி வைத்தார். 1776 இல் அமெரிக்காவின் சுதந்திரப் பிரகடனம் நிறைவேறியதும் இந்த ஊரில்தான்.

சரித்திரப் புகழ் பெற்ற கட்டடங்களைப் பார்த்துவிட்டு நாம் உள்ளே நடப்போம். வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியபடி வரிசை வரிசையாக நிற்கின்றன. கொழும்பின் பழைய தோட்ட வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். இவை செங்கல்லால் கட்டிய மாடி வீடுகள். தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது வேலையிழந்த மக்கள் ஊரைவிட்டுப் போனார்கள். 1950 இல் இருபது இலட்சத்துக்கும் அதிகமாக இருந்த மக்கள் தொகை 1980 இல் பதினேழு இலட்சத்துக்கும் கீழே இறங்கியது. ஆளில்லாத வீடு பாழடையும், பிறகு இடிக்கப்படும். வரிசையில் ஒரு வீடு போனால் அடுத்த வீட்டின் பக்கச் சுவர் மொட்டையாக வெளியே தெரியும். பல் விழுந்த வாய் போல ஊரெங்கும் இப்படி இடைவெளிகள்!

வெற்றுச் சுவரும் வேலையில்லாத இளம் கையும் ஒரே தெருவில் இருந்தால் என்ன நடக்கும்? விசிறும் பெயின்ட் டின்னை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் எழுதத் தொடங்கினார்கள். பூங்கா வாங்கு, விளையாட்டுத் திடலின் மதில், பாலத்தின் தூண், பஸ், ரயில் என்று எதுவும் தப்பவில்லை.

இவர்களில் முன்னோடி என்று சொல்லப்படுபவர் டரில் மெக்ரே என்னும் கறுப்பின இளைஞர். 'கோர்ன்பிரெட்', அதாவது சோள ரொட்டி, என்பது அவருடைய பட்டப்பெயர். சீர்திருத்தப் பாடசாலையில் இருந்தபோது சோள ரொட்டி வேண்டுமென்று கேட்டுக்கொண்டே இருந்ததால் வந்த பெயராம். 1960களின் பிற்பகுதியில் அந்தப் பெயரை ஊரெல்லாம் எழுதினார். ஒருமுறை, அவர் இறந்துவிட்டதாகப் பத்திரிகையில் தவறான செய்தி வந்தது. ஃபெயார்மவுண்ட் பூங்கா என்னும் பெரிய பூங்காவில்தான் நகரின் மிருகக்காட்சிச்சாலை இருக்கிறது. அந்த இளைஞர் அங்கே நுழைந்து, ஒரு யானையின் உடலிலேயே தான் உயிரோடிருப்பதாக எழுதிவிட்டு வந்தார்!

சிரிப்பு வருகிறது. வாயில்லா ஜீவனுக்குச் செய்த கொடுமை என்று கோபமும் வருகிறது. இரண்டும் நியாயந்தான். ஆனாலும் அவர் எழுதியதன் பொருளைப் பாருங்கள். 'நான் இருக்கிறேன்.' அவ்வளவுதான். யாரும் பெயர் சொல்லி அழைக்காத பிள்ளை தன் பெயரைத் தானே எழுதிக்கொள்கிறான்.

1984 ஜனவரியில் வில்சன் கூட் மேயராகப் பதவியேற்றார். அந்நகரின் முதலாவது கறுப்பின மேயர் இவரே. சுவர்க் கிறுக்கலை ஒழிக்க அவ்வாண்டே ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். பொலிஸாரிடம் பிள்ளைகளைப் பிடித்துக் கொடுப்பதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. அவர்கள் வேறொரு வழியையும் திறந்தார்கள். இனிமேல் சுவர்களைக் கெடுப்பதில்லை என்று உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திடும் பிள்ளைக்கு மன்னிப்பு. ஆனால் சும்மா அல்ல. வாளியும் பிரஷும் எடுத்துச் சுவர்களைக் கழுவ வேண்டும்.

கழுவிய சுவரை என்ன செய்வது? வெறுமையாக விட்டால் நாளை இன்னொருவன் வந்து எழுதுவான். இந்த இடத்தில்தான் ஒரு பெண் வருகிறார். ஜேன் கோல்டன் என்னும் ஓவியர். கலிபோர்னியாவில் பெரிய சுவரோவியங்கள் வரைந்தவர். லூபஸ் என்னும் கடும் நோய் வந்ததால் கிழக்கே, தன் குடும்பத்தார் இருக்கும் பக்கம் திரும்பி வந்திருந்தார். அவரை அந்த இயக்கம் வேலைக்கு எடுத்தது. கிறுக்கிக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் அவர் பேசினார். கையில் தூரிகையைக் கொடுத்தார். நோயோடு போராடியபடியே பல பத்தாண்டுகள் அந்தப் பணியை வழிநடத்தினார்.

1996 இல் இவ்வேலை மாநகரப் பொழுதுபோக்குத் திணைக்களத்தின் கீழ் சுவரோவியத் திட்டமாக மறுபெயர் பெற்றது. இதுவரை நாலாயிரத்துக்கும் அதிகமான சுவரோவியங்கள் உருவாகியுள்ளன.

எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். முதலில் அந்தத் தெருவார் கூடிப் பேசுவார்கள். நமது வழக்கில் சொன்னால் மஷூரா. என்ன வரைவது என்று தீர்மானமான பிறகு, பரசூட் துணி எனப்படும் மெல்லிய துணியில் கோடுகளை வரைவார்கள். எந்த இடத்துக்கு எந்த வர்ணம் என்று இலக்கமிடுவார்கள். இலக்கத்தைப் பார்த்து வர்ணம் பூச சிறு பிள்ளைக்கும் முடியும், எண்பது வயது மூதாட்டிக்கும் முடியும். பூசி முடிந்த துண்டுகளைக் கொண்டுபோய்ப் பசை பூசிச் சுவரில் ஒட்டிவிடுவார்கள். இந்த முறையால் வெளியே வர முடியாத சிறைக் கைதிகளும் பங்கெடுத்தார்கள். கிராட்டர்ஃபோர்ட் சிறையில் இருந்தவர்கள் தீட்டிய துணிகள் நகரத்துச் சுவர்களை அடைந்தன. 2018 இல் அந்தச் சிறை மூடப்பட்டுவிட்டது.

இப்படித் தீட்டிய சுவர்களில் பெரும்பாலும் யாரும் கிறுக்குவதில்லை என்பது கவனிக்க வேண்டிய விடயம். இத்தனைக்கும் அவற்றுக்குக் காவலாளி கிடையாது. 'இந்த மூலைக்கு நான்தான் நீலம் பூசினேன்' என்று சொல்லும் பிள்ளையே காவல்.

கிறேய்ஸ் ஃபெரி என்னும் பகுதிக்கு வாருங்கள். 1997 இல் இங்கே வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையே பெரும் பதற்றம். ஒரு கறுப்பினக் குடும்பம் தாக்கப்பட்டது. அடுத்த மாதம் ஒரு வெள்ளையினப் பையன் கொல்லப்பட்டான். அந்தச் சூட்டிலேயே சுவரோவியம் பற்றிப் பேச அயலவர்கள் கூடினார்கள். கடைசியில் அந்தச் சுவரில் வந்தவை கைகள் மாத்திரமே. பல நிறக் கைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்பட்டிருக்கின்றன. 'சமாதானச் சுவர்' என்று அதற்குப் பெயர். முகத்தைப் பார்த்தால் இவன் யார், அவன் யார் என்று கேட்கத் தோன்றும். கை எல்லாருக்கும் கைதானே?

இனி நான் உங்களுக்குக் காட்ட ஆசைப்பட்ட இடத்துக்குப் போவோம். ஜேர்மன்டவுன் அவெனியூ என்னும் வீதியில் அல்-அக்ஸா பள்ளிவாசல் இருக்கிறது. அதனோடு ஒரு பாடசாலையும் உண்டு. முன்பு வெளியே இருந்து பார்த்தால் பண்டகசாலை என்றே எண்ணத் தோன்றும் சாதாரணக் கட்டடம். 2001 செப்டெம்பர் தாக்குதலுக்குப் பின்னர் அமெரிக்க முஸ்லிம்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். பர்தாவோடு கடைக்குப் போகவே பெண்கள் தயங்கிய காலம். 'கதவைப் பூட்டிக்கொண்டு தலை குனிந்திருப்போம்' என்று எண்ணியிருக்கலாம். அதற்கு மாறாக, அந்தப் பள்ளிவாசல் தன் வெளிச்சுவரை அயலாருக்குத் திறந்துவிட்டது. சுவரோவியத் திட்டத்தின் கலைஞர்களோடு பள்ளிவாசல் பாடசாலைப் பிள்ளைகளும் சுற்றுவட்டாரப் பிற மதப் பிள்ளைகளும் சேர்ந்து வேலை செய்தார்கள். உருவப்படங்கள் பற்றி நமது மார்க்கத்தில் உள்ள பேணுதலை நீங்கள் அறிவீர்கள். இங்கே வந்தவை வளைவுகளும், நட்சத்திரக் கோலங்களும், சுட்ட களிமண் ஓடுகளுந்தான். 'சமாதானத்தின் வாசல்கள்' என்று பெயர் வைத்தார்கள். மங்கிக் கிடந்த கட்டடம் தெருவுக்கே அழகாகிவிட்டது.

ஆனால் கதை இங்கே இனிப்பாக முடியவில்லை. 2015 டிசெம்பரில் ஓர் இரவு, வாகனத்தில் வந்த ஒருவன் அதே பள்ளிவாசலின் வாசலில் பன்றித் தலையை எறிந்துவிட்டுப் போனான். சுவரில் சமாதானம் என்று எழுதிவிட்டால் எல்லா உள்ளத்திலும் சமாதானம் வந்துவிடாது. எனினும் விடிந்தபின் என்ன நடந்தது? மேயர் கண்டித்தார். பிற மதத்தவர்கள் பள்ளிவாசலுக்கு ஆதரவாக வந்து நின்றார்கள். முன்பே கதவு திறந்த வீட்டுக்குத்தான் துன்பத்தில் அயலவர் வருவார்கள்.

நமது நாட்டில் 2019 மே மாதத்தில் பள்ளிவாசல்கள் தாக்கப்பட்ட நாட்களை நாமும் மறக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் இலங்கையின் இளைஞர்கள் ஊருக்கு ஊர் மதில்களில் வர்ணம் தீட்டியதும் நினைவிருக்கிறது. வர்ணம் பூசுவது பெரிய காரியமல்ல. யார் யாருடைய பிள்ளைகள் சேர்ந்து பூசினார்கள், யாருடைய கதை அந்தச் சுவரில் இடம்பெற்றது என்பதே பெரிய காரியம்.

பிலடெல்பியாவில் வறுமை ஒழிந்துவிடவில்லை. போதைப்பொருளும் துப்பாக்கியும் பிள்ளைகளைப் பலிகொள்வது இன்னும் நிற்கவில்லை. எல்லாக் கிறுக்கலும் மறைந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. ஆனால் அந்நகரம் ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டது. பின்னாளில் 12 முதல் 23 வயது வரையுள்ள 21 பேர் கொண்ட இளைஞர் ஆணைக்குழு ஒன்றையும் அது ஏற்படுத்தியது. பிள்ளைகளைப் பற்றிய காரியங்களில் மேயருக்கும் மாநகர சபைக்கும் பிள்ளைகளே ஆலோசனை சொல்கிறார்கள். யானையில் எழுதிய கோர்ன்பிரெட்டும் பிற்காலத்தில் இளைஞர்களுக்காகப் பேசுபவராக மாறினார்.

சகோதரிகளே, இது நமக்குப் புதிய பாடமா? மூத்த ஸஹாபாக்கள் இருந்த படைக்கு, இருபது வயதும் நிரம்பாத உஸாமா இப்னு ஸைத் (ரழி) அவர்களைத் தளபதியாக நியமித்தவர்கள் நமது நபிகளார் (ஸல்) அவர்கள். பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதையும் ஈமானோடு சேர்த்துச் சொன்ன மார்க்கம் நமது மார்க்கம். அப்படியிருக்க, நமது பிள்ளைகளிடம் நாம் ஒப்படைத்திருக்கும் அமானத் என்ன? கடைக்குப் போய் வா, சத்தம் போடாதே, படி என்பவை மட்டுந்தானா?

ஆரம்பத்தில் வாசலில் நின்ற பக்கத்து வீட்டுக்காரரை மறந்துவிட்டோமே! அவரை உள்ளே கூப்பிட்டு ஒரு தேநீர் கொடுங்கள். மகனையும் அழையுங்கள். மதிலை நீங்கள் கழுவ வேண்டாம், அவனே கழுவட்டும். கழுவியபின் அவனே வெள்ளையடிக்கட்டும். அதன் பிறகு, "மகன், இந்த ஒழுங்கையின் மதில்களை இனி நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று பக்கத்து வீட்டுக்காரர் முன்னிலையிலேயே அவனிடம் ஒப்படையுங்கள்.

அவனைப் பெயர் சொல்லி அழைத்து ஒப்படையுங்கள்.