காவல்கூலி

மானம் பார்த்த பூமியில் களவு போகத் தக்க பொருள்கள் சொற்பமே என்று வெளியூரார் நினைக்கக்கூடும். ஆனால் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட கரிசல் சீமையில் ஒரு சம்சாரியின் சொத்து பெட்டகத்துக்குள் இராமல், கொட்டிலில் நிற்கும் ஆடாகவும், களத்தில் காயும் மிளகாய் வற்றலாகவும், கிணற்று மோட்டாருக்கு ஓடும் தாமிரக் கம்பியாகவும் வெட்டவெளியில் சிதறிக் கிடப்பதால், திருடனுக்குப் பூட்டை உடைக்கும் சிரமம்கூட இங்கே கிடையாது. இருட்டில் மோட்டார் சைக்கிளில் வந்து ஆட்டை நடுவில் வைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். மோட்டார் வயரை வெட்டி, மேலுறையைக் கொளுத்தி, தாமிரத்தை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள்.

ஆகையால், திருப்பூரில் ஒருவனும் துபாயில் ஒருவனுமாக இருக்கும் பெரியம்மாவின் பிள்ளைகள் வீட்டுக்கும் கொட்டிலுக்கும் காமிரா மாட்டியே தீர வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானித்தபோது, அந்தக் காரியத்தை முன்னின்று நடத்தும் பொறுப்பு, ஊரை விட்டுப் போகாத என் தலையில் வந்து விழுந்தது.

வீட்டுச் சுவர் செங்கலும் சுண்ணாம்புமாக முழக் கனத்துக்கு எழுப்பியது. துளை போட்டால் காரை பொலபொலவென்று உதிர்ந்து, அரை அங்குல ஓட்டை இரண்டு அங்குலத்துக்கு வாய் பிளக்கிறது. அதையாவது பூசி மறைத்துவிடலாம். கிணற்றடியிலுள்ள கொட்டிலுக்குக் கம்பி கொண்டுபோவதுதான் பெரும் பிரயத்தனமாகத் தோன்றியது. மழையில் உப்பிக் கோடையில் கை நுழையுமளவு வெடிக்கும் கரிசலில் குழாய் பதித்தால், நாளடைவில் அதன் இணைப்புகள் கழன்று எலிகளுக்கு ராஜபாட்டை திறந்துவிடும். கம்பம் நட்டு மேலே இழுத்தாலோ, ஆடிக் காற்றுக்கும் அணிலுக்கும் தப்பிய கம்பிகூட, ஐப்பசி இடிமழையில் எங்கோ விழும் மின்னலின் வேகத்தை வீட்டுக்குள் அழைத்துவந்து, படம் பதியும் பெட்டியைக் கருக்கிவிடக்கூடும். கம்ப்யூட்டர் கேபிள் 100 மீட்டருக்குமேல் நம்பத் தக்கதன்று. கொட்டிலோ அதற்கு இரண்டு மடங்கு தூரம். 12 வோல்ட் மின்சாரத்தை மெல்லிய கம்பியில் அவ்வளவு தொலைவுக்கு அனுப்பினால் அது வழியிலேயே வலுவிழந்துவிடுவதால், பகலெல்லாம் ஒழுங்காக இருக்கும் காமிரா, இரவில் தன் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கியதும் மின்சாரம் போதாமல், திருடன் வரும் நேரம் பார்த்து மயங்கி விழும். இவை எல்லாவற்றுக்கும் மேலான ஆட்சேபத்தை, காமிரா மாட்ட வந்த தம்பிதான் சொன்னான்: “அண்ணாச்சி, அவன் ஆட்டை விட்டுட்டு நம்ம வயரைச் சுருட்டிட்டுப் போயிருவான்.”

வைஃபையும் கைகொடுக்கவில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை 5 கிகாஹெர்ட்ஸைக் காட்டிலும் சுவரைத் துளைத்துச் செல்ல வல்லதுதான். எனினும் அந்தக் கனத்த சுவரையும், நடுவே மண்டிய சீமைக் கருவேலையும், கொட்டிலின் தகரத்தையும் கடந்து அது போய்ச் சேரவில்லை. கடைசியில் சிம் கார்டும் சோலார் தகடும் கொண்ட காமிரா ஒன்றை, வேப்பமர நிழல் படாத இடமாகப் பார்த்து, தகட்டைத் தெற்கு நோக்கிச் சற்றே சாய்த்து, இரும்புக் குழாயின் உச்சியில் நிறுத்தினோம். வெயிலுக்கு எங்கள் சீமையில் பஞ்சமில்லை. பக்கத்துக் கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் மின்நிலையம் எழுந்ததே அந்த வெயிலை நம்பித்தான்.

ஆனால் அந்த வெயிலே எங்கள் காமிராவுக்குச் சத்துருவும் ஆகிறது. பேட்டரியைச் சிக்கனம் செய்வதற்காக உறங்கிக் கிடந்து, உஷ்ணமுள்ள உடல் ஒன்று எதிரே அசையும்போது மட்டும் கண் விழிக்கும் இந்த யந்திரத்துக்கு, உடலின் சூட்டுக்கும் பின்னணியின் சூட்டுக்கும் உள்ள பேதம் ஒன்றே அடையாளம். சித்திரை மத்தியானத்தில் சுவரும் தரையும் மனித உடம்பின் சூட்டை எட்டிவிட்டால் அந்தப் பேதம் மங்கி, எதிரே வருகிறவனை அது கவனியாமலே இருந்துவிடக்கூடும். இரவில் நேர் விபரீதம்: ஆடு அசைந்ததற்கெல்லாம் துபாயில் மணி அடித்தது. சிலந்தி பின்னிய நூல் அகச்சிவப்பு ஒளியில் ஆலம் விழுதாகத் தெரிந்தது. தகட்டைத் துடைக்க வேண்டும், ஒட்டடை நீக்க வேண்டும், 28 நாளைக்கு ஒருமுறை ரீசார்ஜ் செய்ய வேண்டும் என்று இதற்கும் சம்ரட்சணை இருக்கத்தான் செய்கிறது.

காவலுக்குக் கூலி அளப்பது இந்தச் சீமைக்குப் புதிதன்று. பாளையக்காரர் காலத்தில் தேசகாவல், ஸ்தலகாவல் என்ற ஏற்பாடுகளின்படி, குடிகள் விளைச்சலில் ஒரு பங்கைக் காவல்காரருக்குக் கொடுத்தார்கள். களவு போனால் அவர் பொருளை மீட்டுத் தர வேண்டும், இயலாவிட்டால் அதன் கிரயத்தைத் தாமே கட்ட வேண்டும். காவல்கூலி தராதவன் வீட்டில்தான் முதலில் களவு நடக்கும் என்ற அபவாதமும் அந்த ஏற்பாட்டுக்கு இருந்தது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. 1801-க்குப் பின் கும்பினியார் பாளையக்காரரின் காவல் உரிமையைப் பறித்தார்கள். 1816-ஆம் ஆண்டுச் சட்டம் தலையாரியைச் சர்க்காருக்குக் கட்டுப்பட்ட கிராமப் போலீஸாக்கிற்று. ஆயினும் நஷ்டத்துக்கு ஈடு கட்டும் அந்த ஒரு நிபந்தனையை நினைக்கும்போது, ஆடு போனதை வெகு தெளிவாகக் காட்டிவிட்டு அத்துடன் தன் கடமையை முடித்துக்கொள்ளும் யந்திரத்தின்மீது எனக்கு மதிப்புச் சற்றுக் குறைகிறது.

வீட்டுக் காமிரா எப்போதும் இப்படி இருந்ததில்லை. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற செவிலியர், ஆபத்துக்குப் போலீஸார் உரிய நேரத்தில் வருவதில்லை என்ற கவலையால், தம் கணவருடன் சேர்ந்து ஒரு வீட்டுக் காவல் சாதனத்தை வகுத்து, 1966-இல் விண்ணப்பித்து 1969-இல் காப்புரிமை பெற்றார். கதவின் துவாரங்களுக்கு நேரே ஏறி இறங்கும் காமிரா, வாசலில் நிற்பவரின் உருவத்தை ரேடியோ அலை வழியே படுக்கையறைத் தொலைக்காட்சிக்கு அனுப்பும். படுத்த இடத்திலிருந்தே பேசலாம், தாழ் நீக்கலாம், அபாய மணி ஒலிக்கலாம். அங்கே பார்த்தவரும் காக்கப்பட்டவரும் ஒரே வீட்டில் இருந்தனர். எங்கள் காமிராவோ ஊரில் பார்த்ததைத் துபாயில் காட்டுகிறது; அங்கிருந்து தம்பி என்னை அழைக்க, நான் பக்கத்து வீட்டு மாமாவை எழுப்ப, அவர் டார்ச்சும் கம்புமாகக் கொட்டிலுக்கு ஓட வேண்டும்.

அந்த மாமாதான் மறுவாரம் வந்து, “எங்க வீட்டுப் பொம்பளைக தலை சீவுறதைத் துபாயில உக்காந்து பாக்கணுமா, மாப்ளே?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. கொட்டிலுக்கு வரும் பாதையில் பாதி பார்வைக்குத் தப்பிப்போகும் என்று காமிரா மாட்டிய தம்பி எவ்வளவோ சொல்லியும் கேளாமல், காமிராவைக் கிணற்றுப் பக்கம் திருப்பச் சொன்னேன். இருட்டில் ஓடுகிறவரின் மனம் நோகாமலிருப்பது பாதிப் பாதையைக் காட்டிலும் முக்கியம் என்பது என் அபிப்பிராயம்.

மாசியில் மல்லி அடித்ததும் மாமா வீட்டுக்கு ஒரு மரக்கால் அளந்து அனுப்புவது பெரியம்மாவின் வெகுகால வழக்கம். இந்த வருஷமும் அனுப்பிவிட்டார். ரீசார்ஜ் செலவில் யாருக்கு எவ்வளவு என்பதுதான் திருப்பூருக்கும் துபாய்க்கும் இடையே இன்னும் தீராமல் இருக்கிறது.