எட்டு முனை நட்சத்திரம்

பூவிருந்தவல்லியிலிருந்து ஆவடிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பருத்திப்பட்டு என்றோர் ஊர் உண்டு. ‘பட்டு’ என்பது இங்கே ஊர்ப்பெயரின் விகுதியேயன்றித் துணியைக் குறிப்பதன்று. எனினும் துணியைத் தேடிச் சென்ற எனக்கு அப்பெயர்ப்பலகை இனிய வழித்துணையாகத் தோன்றிற்று.

இப்பகுதியே தையலால் வாழ்வது. படைவீரர்க்குச் சீருடை தைக்கும் ஆவடித் தொழிற்சாலை 1961-இல் நிறுவப்பெற்றது. 1964-இல் எழுந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஏற்றுமதி ஆடை நிறுவனங்கள் பல. வெட்டு மேசையில் எஞ்சும் துண்டுத்துணிகள் மூட்டை மூட்டையாக எடைக்குப் போகின்றன. எத்தனையோ அழகிய பூந்துணிகள் லேத் பட்டறைகளில் எண்ணெய் துடைத்தே மாய்கின்றன.

ஆவடியில் வாழும் என் மாமி அவற்றுள் சிலவற்றை மீட்டவர். பகலெல்லாம் சட்டைக் காலர் தைத்துவிட்டு, இஷாவுக்குப் பின் ஒட்டுத்துணிப் போர்வையுடன் அமர்வார். பழஞ்சேலை இரண்டை அடியில் விரித்து, மேலே துண்டுகளைப் பொருத்தி நூலோட்டம் போடுவார். பேரப்பிள்ளைகள் அறுவர் போர்வை பெற்றுவிட்டனர். எஞ்சியவள் கடைக்குட்டி, மாமிக்கோ கண்புரை.

கர்நாடகத்தின் ஹளியாள், எல்லாப்பூர்ப் பகுதிகளில் வாழும் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி சமூகப் பெண்களும் இவ்வாறே ‘கவந்தி’ தைக்கின்றனர். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை அடைவது அவர்கள் முறை. மூலைகளில் ‘பூலா’ எனும் முக்கோணத் துண்டுகள் இல்லையேல் போர்வை நிறைவுறாது. அவர்களுள் முஸ்லிம்களும் உளர்.

அமெரிக்காவிலோ போர்வை சுவரேறிவிட்டது! ஓஹையோ மாநிலத்து ஆடம்ஸ் மாவட்டத்தில் டோனா சூ குரோவ்ஸ் என்னும் பெண்மணி, போர்வை தைப்பதில் வல்லவரான தம் தாயாரைச் சிறப்பிக்க, களஞ்சியச் சுவரில் போர்வைக் கட்டமொன்றைத் தீட்ட எண்ணினார். அவ்வெண்ணம் ஊர்த்திட்டமாக விரிந்து, 2001-இல் ஒரு மூலிகைப் பண்ணையின் களஞ்சியத்தில் முதல் ஓவியம் ஏறியது. இன்று அது பல மாநிலங்களிலும் கனடாவிலும் பரவியுள்ளது. அன்று தீட்டியது ‘ஓஹையோ நட்சத்திரம்’. ஒன்பது கட்டங்கள், நடுவும் நான்கு மூலைகளும் முழுச் சதுரம், ஏனைய நான்கும் தலா நான்கு முக்கோணம். ஆக இருபத்தொரு துண்டுகள், எட்டு முனைகள். நம் பள்ளிவாசல் அலங்காரங்களில் இரு சதுரங்கள் பின்னி உருவாகும் எண்முனையை அது நினைவூட்டினும் அமைப்பு வேறு. அவசரப்பட்டு உறவு கொண்டாடுதல் வேண்டா.

அவ்வடிவைத் தாளில் வரைந்து மாமியிடம் நீட்டினேன். கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

“தையலுக்குக் கால் அங்குலம் விடவில்லையே, தம்பி. இப்படி வெட்டினால் முனையெல்லாம் உள்ளே போய்விடும்” என்றார்.

பின்பு பெட்டியைத் திறந்து, மறைந்த மாமாவின் நீலக் கட்டம் போட்ட கைலியை எடுத்தார். ஆறு போர்வைக்கும் கொடுத்தது போக ஒரு சாண் துணியே மீந்திருந்தது.

“இது நடுவுக்குப் போதும்.”

“கடையில் நல்ல கம்பளி வாங்கிக்கொள்ளலாமே, நன்னி?” என்றாள் பேத்தி.

மாமி விடை கூறவில்லை. ஊசியையும் நூலையும் அவளிடம் நீட்டினார். சற்றே தயங்கியவள், சன்னல் வெளிச்சத்துக்கு நகர்ந்து நூலைக் கோத்தாள். “எத்தனை இழை, நன்னி?” என்று கேட்டாள்.

“இரட்டை” என்றார் மாமி.