பேணியும் கடதாசிப் பையும்

கொழும்பு மாநகரின் வடபால் அமைந்தது கொட்டாஞ்சேனை. தென்பால் கடலையொட்டிக் கிடப்பது வெள்ளவத்தை. இரண்டும் தமிழர் செறிந்து வாழும் பகுதிகள். கடித உறையில் முன்னையதைக் கொழும்பு 13 என்றும் பின்னையதைக் கொழும்பு 6 என்றும் எழுதுவர். அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இவ்விரு பகுதிகளுக்கும் நாம் பயணமானோம். கோயில் கும்பிடவுமன்று, கடற்காற்று வாங்கவுமன்று. பழைய தகரப் பேணிகளையும் கடதாசிப் பைகளையும் காணவே சென்றோம் என்றால் வாசகர் நகைக்கவுங்கூடும். நகைத்தபின் சற்றே பொறுத்து மேலே படிப்பாராக.

கொட்டாஞ்சேனையில் இறங்கியதும் புனித லூசியா பேராலயத்தின் பெருங்குவிமாடம் கண்ணிற் படுகின்றது. சிறிது தொலைவில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுப்பித்த பொன்னம்பலவாணேசுவரர் ஆலயம் இருக்கின்றது. அப்பகுதியில் ஓர் ஒழுங்கையில், ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர் வாழ்கின்றார். எண்பது வயதைக் கடந்தவர். எம்மைக் கண்டதும், "முதலில் தேநீர், பிறகுதான் பெட்டி" என்று கட்டளையிட்டார்.

தேநீர் அருந்தியபின் கட்டிலின் கீழிருந்து றங்குப் பெட்டியொன்று வெளிவந்தது. அதனுள் தேயிலைப் பேணிகள், பிஸ்கற்றுத் தகரங்கள், சவர்க்கார உறைகள், தீப்பெட்டிகள், கடைப் பைகள் யாவும் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. பிறர் எறிந்தவற்றை இவர் நாற்பதாண்டுகளாகப் பொறுக்கிச் சேர்த்திருக்கின்றார்.

"இவற்றின் வயதை எவ்வாறு அறிகின்றீர்கள்?" என்று வினவினோம்.

"பெயரைப் பாருங்கள், நிறையைப் பாருங்கள், விலாசத்தைப் பாருங்கள்" என்று அவர் பாடத்தைத் தொடங்கினார்.

முதலாவது, நாட்டின் பெயர். 1972 ஆம் ஆண்டு மே மாதம் 22 ஆந் திகதி நம் நாடு ஸ்ரீலங்கா எனும் பெயருடன் குடியரசாயிற்று. ஆதலால் உறையில் ஸ்ரீலங்கா என்றிருப்பின் அது பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டது. ஆனால் சிலோன் என்றிருப்பதனால் மட்டும் முற்பட்டதென்று துணிதல் ஆகாது. தேயிலை இன்றும் சிலோன் ரீ என்ற பெயருடனேயே உலகெங்கும் விலையாகின்றது.

இரண்டாவது, நிறை. இறாத்தலும் அவுன்சும் அச்சிட்ட பேணி பழையது. 1970களில் நாடு கிலோகிராமுக்கு மாறியது. பாணை மட்டும் நாம் இன்னமும் இறாத்தற் கணக்கிலேயே கேட்டு வாங்குகின்றோம்!

மூன்றாவது, விலாசம். வெள்ளவத்தையின் ஹை ஸ்ட்ரீட், 1957 இல் மறைந்த சிங்கள நாவலாசிரியரின் நினைவாகப் பின்னர் டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை ஆயிற்று. பழைய தெருப் பெயர் பழைய கடதாசிக்குச் சாட்சி.

உற்பத்தியாளரின் வரலாறும் துணை செய்யும். லிப்டன் இலங்கைக்கு வந்தது 1890 இல். லீவர் பிறதர்ஸ் இங்கு கம்பனி அமைத்தது 1938 இல். அதன் சவர்க்காரத் தொழிற்சாலை கொட்டாஞ்சேனைக்கு அயலான கிராண்ட்பாஸில் இயங்கியது. மலிபன் பிஸ்கற் நிறுவனம் தோன்றியது 1954 இல். எனவே, "இது யுத்த காலத்து மலிபன் தகரம்" என்று ஒருவர் விலை பேசினால், நீங்கள் புன்னகையுடன் விலகலாம். வரிவரியான பார்கோட் அடையாளம் இருப்பின் கணக்கு இன்னும் எளிது. அது முதன்முதல் ஒரு கடையில் வாசிக்கப்பட்டது 1974 ஆம் ஆண்டு ஜூன் மாதம், அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில். இலங்கையிற் பதிவுபெற்றவற்றின் இலக்கம் 479 என்று தொடங்கும்.

இது வீண் வேலையன்றோ என்று சிலர் கேட்பர். பிரித்தானியாவில் ராபர்ட் ஓப்பி என்பவர் 1963 இல், தம் பதினாறாம் வயதில், தாம் உண்ட இனிப்பொன்றின் உறையை எறியாது வைத்துக்கொண்டார். அந்த ஓர் உறையிலிருந்து வளர்ந்த சேகரிப்பு இன்று இலண்டனில் ஒரு நூதனசாலையாக நிற்கின்றது. மேனாட்டில் வீட்டுத் தூசு உறிஞ்சும் இயந்திரத்தின் பைகளைச் சேர்ப்போருமுளர். அமெரிக்கரான ஸ்பாங்ளர் 1907 அளவில் அத்தகைய இயந்திரமொன்றை ஆக்கியபோது, தூசு சேரும் பையாகத் தலையணை உறையையே கட்டினாராம். அதனையே பின்னர் ஹூவர் நிறுவனத்தார் உலகறியச் செய்தனர். அந்தப் பையின் வாயிலுள்ள அட்டையின் வடிவையும் துவாரத்தின் அளவையும் பார்த்து, அது எந்த இயந்திரத்துக்குரியது என்று சேகரிப்போர் கூறிவிடுவர். தும்புத்தடி பிடித்துப் பழகிய நமக்கு இது வியப்பாயிருக்கலாம். ஆயினும் கலை ஒன்றே.

பெட்டியின் அடியிலிருந்து ஐயா இறுதியாக ஒரு கடதாசிப் பையை எடுத்தார். பழுப்பேறிய பை, அதில் வெள்ளவத்தைப் புடைவைக்கடையொன்றின் பெயரும், காலி வீதி இலக்கமும், சிலோன் என்ற சொல்லும் இருந்தன.

"என் தங்கச்சியின் கூறைச்சேலை வாங்கிய பை என்று நினைக்கிறேன். கலியாணம் 1969 இல், யாழ்ப்பாணத்தில் நடந்தது. பை அம்மாவின் பெட்டியிற் கிடந்து தப்பியது. நாங்கள் வெள்ளவத்தையில் இருந்தோம். கலியாணப் படங்கள் முழுவதும் அந்த வீட்டில்தான்."

அதன்மேல் அவர் பேசவில்லை, பேசவேண்டியதுமில்லை. 1983 ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில் கொழும்பிலே தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அவர் குடும்பம் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில் அகதிகளாய்த் தங்கி, கப்பலேறிக் காங்கேசன்துறை சென்றது. தங்கையார் இப்போது இல்லை. ரொறன்ரோவிலிருக்கும் அவருடைய மகள், தாயின் கலியாணத்தை நினைவூட்டும் பொருள் ஏதேனும் கிடைக்குமா என்று கேட்டு எழுதியிருக்கின்றாள். பையை அனுப்ப ஐயாவுக்கு மனமுண்டு. ஆனால் அது கூறை வாங்கிய பையா, பிற்காலத்துத் தீபாவளிப் பையா என்ற ஐயம் தடுத்தது. "மருமகளுக்குப் பொய்யை அனுப்பக்கூடாது" என்றார்.

பையின் படப்பிரதியுடன் பஸ் ஏறி, பிற்பகலில் வெள்ளவத்தையை அடைந்தோம். காலி வீதியின் இருமருங்கும் நகைக்கடை, புடைவைக்கடை, உணவகம் என நெருங்கி நிற்கின்றன. குறுக்கு வீதிகளின் முடிவில் புகையிரதப் பாதையும் கடலும் தெரிகின்றன. நாம் தேடிய இலக்கத்தில் புதிய மாடிக் கட்டடமொன்று நின்றது. நாலு கடைகளில் விசாரித்தும் பயனில்லை. ஐந்தாவதாக ஒரு சிறு தையற்கடை. அங்கிருந்த முதியவர் பிரதியைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

"இந்தப் பெயரை ஒருவர் சொல்லிக் கேட்டு எத்தனையோ வருடம்! இவர்கள் கடை முன்விறாந்தையில்தான் நான் தொழில் பழகினேன். கடைப் பெடியன்கள் இரவில் கோதுமை மாப் பசை காய்ச்சி இந்தப் பைகளை ஒட்டுவார்கள். ஆனால் இந்த இலக்கம் முதற் கடை. 1970 இல் எதிர்ப்பக்கம் பெரிய கடைக்குப் போய்விட்டார்கள். எண்பத்து மூன்றில் எரிந்தது அந்தப் பெரிய கடை."

நாட்டின் பெயரால் தீராத ஐயம் வீட்டிலக்கத்தால் தீர்ந்தது. பழைய பைகள் மிஞ்சியிருந்து பின்னரும் வழங்கியிருக்கலாமே என்று கேட்டோம். "முதலாளி பிழையான விலாசத்தோடு ஒரு பைகூட வெளியே விடமாட்டார்" என்று முதியவர் சிரித்தார்.

அன்றிரவு ஐயாவுக்குத் தொலைபேசியிற் செய்தியைச் சொன்னோம். சிறிது நேரம் மறுமுனையில் ஓசையில்லை. பின்னர், "தையற்காரர் சொன்னதை ஒரு தாளில் எழுதித் தாருங்கள். பையோடு சேர்த்து அனுப்பவேண்டும்" என்றார். எழுதிக் கொடுத்தோம்.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன என்று கணக்குச் சொல்கின்றோம். கடைகளும் வீடுகளும் எரிந்தபோது அழிந்த பற்றுச்சீட்டுக்கும் பைக்கும் பேணிக்கும் கணக்கில்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் நம் நூல்களையும் இதழ்களையும் காத்து வருகின்றது. வீட்டுப் பெட்டியிற் கிடப்பதைக் காக்கவேண்டியவர் நாமே.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பழைய போத்தல், கடதாசி வாங்குபவர் படலையில் நின்று கூவும்போது, கொடுக்குமுன் ஒருமுறை கிண்டிப் பாருங்கள். பழைய உறை கிடைத்தால் நீரிற் கழுவாதீர்கள், பசைநாடா ஒட்டாதீர்கள், ஈரமில்லாத பெட்டியில் மடியாமல் வையுங்கள். யார் வாங்கியது, எங்கு வாங்கியது என்று வீட்டிலுள்ள முதியோரைக் கேட்டு, ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி உடன் வையுங்கள். பை பேசாது, அதைப் பற்றிப் பேசக்கூடியவர் இன்று நம் வீட்டுத் திண்ணையில் இருக்கின்றார். அவரிடம் இன்றே கேட்பது நன்று.