எடைக்கா, பொருளுக்கா?

பழைய வண்டியை உடைத்து விற்கும் கடையில் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு விலை. கழற்றி உதிரிபாகமாக விற்றால் ஒன்று. தராசில் ஏற்றினால் இன்னொன்று. முதல் விலைக்கு ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். எடைக்கு எடுப்பவர் எப்போதும் தயார். சென்னை புதுப்பேட்டையில் கூவத்தை ஒட்டி நெருக்கியடித்து நிற்கும் கடைகளின் பிழைப்பு இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

வண்டிகள் பல வழிகளில் வருகின்றன. எஃப்.சி. எடுக்கக் கட்டுப்படியாகாமல் கண்டமானவை ஒரு பக்கம். பழுதுபார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டியதால் ‘டோட்டல் லாஸ்’ என்று ஒதுக்கப்பட்டு ஏலத்துக்கு வருபவை இன்னொரு பக்கம். விபத்து வண்டியில் விவரமானவர் முதலில் பார்ப்பது, அடி எங்கே பட்டிருக்கிறது என்பதைத்தான். பம்பர், ஹெட்லைட், பானெட், ரேடியேட்டர் ஆகியவைதான் அதிகம் கேட்கப்படுபவை. காரணம், ஊரில் பெரும்பாலான வண்டிகள் முகத்தில்தான் அடி வாங்குகின்றன. ஆகவே பின்னால் லாரி இடித்து முகம் தப்பிய கார் கடைக்காரருக்கு யோகம். கதவு என்றால் வெள்ளைக் கதவு. வெள்ளைக் கார்கள் அதிகம் என்பதால், பெயின்ட் செலவில்லாமல் மாட்டிக்கொள்ள ஆள் கிடைப்பார்.

எடைக்குப் போவதிலும் தரம் உண்டு. பேட்டரி எடையில் பாதிக்கு மேல் ஈயம். வயரிங்கில் செம்பு; என்ஜினிலும் கியர் பாக்ஸிலும் அலுமினியம். புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் கிராம் கணக்கில்தான் இருக்கும். ஆனாலும் அதைத் தெரியாமல் இரும்போடு போடுபவர் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை. மிஞ்சும் கூடு உருக்காலைக்கு.

எந்த மாடலை எவ்வளவு நாள் வைத்திருப்பது என்பதுதான் உண்மையான சூதாட்டம். புதிய மாடலுக்குக் கிராக்கி உண்டு, உடைக்க வண்டி கிடைக்காது. வண்டிகள் குவியும் காலத்திலோ சாலையில் அவற்றின் கூட்டாளிகள் குறைந்துவிடும். மாருதி 800, அம்பாசடர் இரண்டின் தயாரிப்பும் 2014-ல் நின்றுவிட்டது. அம்பாசடரை ஆசைக்கு வைத்திருப்பவர் ஒரு கைப்பிடிக்காகக் கடை கடையாக ஏறுவார், சொன்ன விலை கொடுப்பார். ஆனால் அவர் எப்போது வருவார் என்று யாரால் சொல்ல முடியும்? அதுவரை அந்தக் கைப்பிடி அடைத்துக்கொள்ளும் இடத்துக்கு வாடகை ஓடும். ‘என்றைக்காவது போகும்’ என்று எதையும் கழிக்க மனம் வராதவரின் கடை பார்க்க நிறைவாக இருக்கும். கல்லா மட்டும் காலி. இரும்பு விலை ஏறும் வாரத்தில் தயங்காமல் லாரி ஏற்றுபவரே நிலைக்கிறார்.

வண்டியைக் கொடுப்பவருக்கு வேறு கணக்கு. 2021-ல் வந்த விதிகளின்படி, வண்டியை உடைக்கப் பதிவுபெற்ற மையங்கள் உண்டு. அங்கே தரும் சான்றிதழைக் காட்டினால் புதிய சொந்த வாகனத்தின் வரியில் 25 சதவீதம்வரை சலுகை கிடைக்கலாம். எங்கே கொடுத்தாலும், வண்டி உடைக்கப்பட்டதை 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யை ரத்து செய்ய வேண்டியது உரிமையாளரின் பொறுப்பு. செய்யாவிட்டால், உடைத்து உருக்கிய பிறகும் அந்த வண்டி ஏட்டில் அவர் பெயரிலேயே இருக்கும்.