இரண்டு மூட்டைக் கடுக்காய்

2011 மாசி மாதம். பள்ளிகொண்டாவில் என் வீட்டு முன்னறையில்தான் அப்போது அலுவலகம். ஒருநாள் காலையில் கதவைத் திறந்தபோது வாசற்படியில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இருட்டிலேயே ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி, ஒடுகத்தூருக்கு நடந்து, முதல் பஸ் பிடித்து வந்தவர்கள். ஊர்க்கவுண்டர் ஒருவர், இரண்டு இளைஞர்கள், அறுபதைத் தாண்டிய ஓர் ஆயா. வழக்கு அந்த ஆயாவின் மேலும் அவர் மருமகன் மேலும்.

காப்புக்காட்டிலிருந்து இரண்டு மூட்டைக் கடுக்காயை எடுத்து வந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 1882-ஆம் ஆண்டு வனச் சட்டத்தின் கீழ் வழக்கு. மூட்டைகள் பறிமுதல். அபராதம் கட்டினால் அதோடு முடிந்துவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். இளைஞர்களுக்கும் அதுவே சரியென்று பட்டது. நாலு நாள் கூலி போனால் போகட்டும், கோர்ட் படி ஏற வேண்டாம் என்றார்கள்.

ஆயா ஒப்பவில்லை.

"பணத்தைக் கட்டினா நான் திருடினதா ஆயிடுமில்ல, வக்கீலய்யா? எங்க மாமியா காலத்திலேருந்து பொறுக்கறோம். நான் எதுக்குத் திருடியாவணும்?"

நான் வக்காலத்தில் அவருடைய கைநாட்டை வாங்கிக்கொண்டேன்.

கடுக்காய் எனக்குப் புதிய பொருள் இல்லை. என் அப்பா ஆம்பூரில் ஒரு தோல் மண்டியில் கணக்கு எழுதியவர். அவருடைய பழைய பேரேடுகளில் ஆவாரம்பட்டை, கொன்னைப்பட்டை, கடுக்காய் என்று வரிசையாகப் பற்று எழுதியிருக்கும். அந்நாளில் தோலை ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்துப் பதப்படுத்துவார்கள். வெயில் பட்டால் அந்தத் தோல் சிவந்துபோகும். கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் போட்டு எடுத்தால் சிவக்காது, நிறமும் நிற்கும். மலைக்காரர் பொறுக்கிய காய் சந்தைக்கு வந்து, அங்கிருந்து மண்டிக்குப் போகும். எங்கள் வீட்டு அடுப்பு எரிந்ததில் அந்தக் காய்க்கும் பங்குண்டு.

பிறகு குரோம் பதனிடுதல் வந்தது. பட்டையும் காயும் பின்னுக்குப் போயின. தோல் ஆலைக் கழிவால் பாலாற்றங்கரைக் கிணறுகள் என்ன ஆயின என்பது 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன வேலூர் மக்கள் நல மன்ற வழக்கின் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழ்பட்டது என்ற கணக்கு அதில் வருகிறது. அந்தத் தீர்ப்பைப் படித்து வளர்ந்த வக்கீல்கள் நாங்கள். அதனால்தான் ஓர் ஆற்றைக் கெடுக்க இத்தனை ஆண்டுகள் விட்டுவைத்த நாட்டில், கீழே விழுந்த காயைப் பொறுக்கிய கிழவி எதிரிக் கூண்டில் ஏறுவதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

சட்டம் எங்கள் பக்கம் இருந்தது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமை அங்கீகாரச் சட்டம், பழங்குடியினர் வழிவழியாகச் சேகரித்து வந்த சிறு வன மகசூல் அவர்களுக்கே உடைமை என்கிறது. எடுக்கலாம், பயன்படுத்தலாம், விற்கலாம். மரம் தவிர்த்து, செடிகொடி வழி வரும் எல்லாமே அந்தச் சொல்லுக்குள் அடங்கும். பழைய வடஆற்காட்டு மலையாளிகள் பட்டியல் பழங்குடியினர் என்பதிலும் சிக்கலில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. 2008-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவில், மனுக்களைச் சரிபார்க்கலாம், ஆனால் உரிமைச் சான்று கொடுக்கும்முன் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும் என்று சொல்லியிருந்தது. அதனால் மலையில் யார் கையிலும் சான்று இல்லை. "சான்று இல்லாதவருக்கு உரிமை ஏது?" என்பது அரசுத் தரப்பு வாதம். "உரிமையைத் தருவது சட்டம். சான்று அதை எழுதிக் காட்டும் தாள்" என்பது என் வாதம். சட்டத்தின் நான்காவது பிரிவு, உரிமைகளை 'இதனால் அங்கீகரித்து உரித்தாக்குகிறோம்' என்ற பொருளில்தான் தொடங்குகிறது.

வழக்கு பதினான்கு வாய்தா நடந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஆயா மலையிலிருந்து இறங்கி வந்தார். மடியில் எனக்கென்று ஒரு பிடி சாமையோ நெல்லிக்காயோ இருக்கும்.

மூட்டையைப் பிடித்த வனக்காப்பாளரைக் குறுக்கு விசாரணை செய்த நாள்தான் என் நினைவில் நிற்கும் நாள். ஒளிவுமறைவு இல்லாத மனிதர் அவர். கடுக்காய்க்காகக் கிளை எதுவும் வெட்டப்பட்டிருந்ததா என்று கேட்டேன். இல்லை என்றார். மூட்டையைப் பிடித்த இடம் எது? நடைபாதை. அந்த நடைபாதை காப்புக்காட்டு எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்று மகஜரில் எழுதியிருக்கிறதா? எழுதவில்லை. வழக்குக்கு அது போதும். உட்கார்ந்திருக்கலாம். ஆனால் இன்னொரு கேள்வி மனத்தில் இருந்தது.

"பங்குனி சித்திரையில் மலையில் தீப்பிடித்தால் உங்களுக்கு முதலில் யார் சொல்வார்கள்?"

"மலைக்காரங்கதான்."

"அணைப்பது யார்?"

"நாங்க போய்ச் சேரணும் இல்லீங்களா. அதுக்குள்ள அவங்க பச்சைத் தழையை ஒடிச்சு அடிக்க ஆரம்பிச்சிருவாங்க."

"இந்த 1-ஆம் எதிரி அப்படி வந்ததுண்டா?"

அரசு வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். நீதிபதி கேள்வியை அனுமதித்தார். வனக்காப்பாளர் கூண்டில் நின்ற ஆயாவைப் பார்த்தார்.

"அந்தம்மா வந்திருக்காங்க. ஒரு தரம் கையில தீக்காயம் பட்டுச்சு."

ஆயாவின் இடது முழங்கையில் இருந்த தழும்பை அன்றுதான் நானும் கவனித்தேன். ஒரு வருடமாக என்னிடம் வந்தவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வழக்குக்கு அது உதவும் என்று அவருக்குத் தோன்றியிருக்கவில்லை.

2012-இல் இருவரும் விடுதலை ஆனார்கள். மூட்டை பிடிபட்ட இடம் காப்புக்காட்டுக்குள் என்று நிரூபிக்கப்படவில்லை, சந்தேகத்தின் பலன் எதிரிகளுக்கு. வன உரிமைச் சட்டத்தைப் பற்றி நான் மணிக்கணக்கில் வாதாடியதற்கு, மேற்படி முடிவுக்கு வந்துவிட்டதால் ஏனைய வாதங்களுக்குள் செல்ல வேண்டியதில்லை என்ற ஒற்றை வரி.

நான் மகிழ்ச்சியோடுதான் வெளியே வந்தேன். தீர்ப்பைச் சொன்னேன். ஆயா கேட்டார்:

"அப்போ வர்ற தை மாசம் பொறுக்கலாமா?"

என்னிடம் பதில் இல்லை. அந்தத் தீர்ப்பு, போன வருடத்துக் கடுக்காயைப் பற்றியது. அடுத்த வருடத்துக் கடுக்காயைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. வழக்கில் ஜெயித்திருந்தோம். உரிமை இருந்த இடத்திலேயே இருந்தது.

அன்றிரவு சட்டத்தை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டேன். காய் பொறுக்கும் உரிமையில் முட்டிக்கொண்டிருந்த நான், அந்த உரிமை வரும் மூன்றாவது பிரிவின் இன்னோர் உட்பிரிவை அதுவரை ஊன்றிப் படித்திருக்கவில்லை. ஓர் ஊரார் வழிவழியாகக் காத்துவந்த சமூக வன வளத்தைப் பாதுகாக்கவும், மீண்டும் தழைக்கச் செய்யவும், நிர்வகிக்கவும் அவர்களுக்கே உரிமை உண்டு என்கிறது அது. ஐந்தாவது பிரிவு, காட்டுயிர், நீர்ப்பிடிப்பு, நீரூற்று எல்லாவற்றையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்குத் தருகிறது. முதலில் உரிமை, அதன் தோள்மேல் காவல் என்ற அந்த வரிசை எனக்கு அன்றுதான் புரிந்தது.

வெளியூர்களில் அது நடந்தும் இருந்தது. மகாராஷ்டிரத்தில் மேண்டா லேகா என்ற சிற்றூர் 2009-இல் தன் காட்டுக்கு உரிமை பெற்று, 2011-இல் தானே மூங்கிலை விற்றது. அதே 2011-இல் கர்நாடகத்துப் பிளிகிரிரங்கன் மலையில், புலிகள் காப்பகத்துக்குள்ளேயே சோளகர்களின் சமூக உரிமை அங்கீகரிக்கப்பட்டது.

உரிமை கொடுத்தால் காடு மொட்டையாகிவிடும் என்று நண்பர்கள் சொன்னார்கள். ஜவ்வாதின் சந்தன மரங்களை அவர்களுக்கு நினைவூட்டினேன். சந்தனம் அரசுக்கே சொந்தமாக இருந்த மரம். காவல் இருந்தது, தண்டனை இருந்தது. மரம் மட்டும் அருகிப்போனது. தன் காட்டில் உரிமை இல்லாதவன் பிறத்தியாரின் கோடரிக்குக் கூலியாகிறான். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்துச் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள்.

2012 செப்டம்பரில் விதிகள் திருத்தப்பட்டு, சமூக வன வளத்துக்கென்றே தனிப் படிவம் வந்தது. மறு ஆண்டு நாங்கள் அதை நிரப்ப உட்கார்ந்தோம். பட்டா, சிட்டா இல்லாத ஊருக்குச் சாட்சியம் எது? மூத்தவர்களின் வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்கலாம் என்கிறது விதி. இடுகாடும் சாமி மரமும் பழங்கிணறும்கூடச் சாட்சியம்தான். என் தொழிலில் இவ்வளவு அழகான சாட்சிய விதியை வேறெங்கும் பார்த்ததில்லை.

எல்லை நடந்து பார்க்கும் நாளில் நானும் மலை ஏறினேன். உத்திரகாவேரிக்குத் தண்ணீர் அனுப்பும் ஓடைகளைத் தாண்டித் தாண்டிப் போனோம். அந்தத் தண்ணீர்தான் கீழே பாலாற்றில் சேருகிறது என்ற நினைப்பு வழியெல்லாம் கூடவே வந்தது. மேலே இருக்கும் காடு நின்றால்தான் எங்கள் ஊர் மணலுக்கு அடியில் ஈரம்.

முன்னால் ஆயா நடந்தார். அவருக்குப் பக்கத்தில், துறையின் சார்பாக வந்த அதே வனக்காப்பாளர். அவர் ஒரு பாறையைக் காட்டி, "தீ இது வரைக்கும் வந்துச்சு" என்றார்.

"இல்ல தம்பி. இன்னும் கீழ. அந்தக் கடுக்கா மரம் வரைக்கும். அடி மரம் கருகி இருக்கும், பாரு."

இறங்கிப் பார்த்தோம். கருகியிருந்தது. அதன்மேல் புதுப் பட்டை ஏறியிருந்தது. வனக்காப்பாளர் தன் குறிப்பேட்டில் முதலில் எழுதியதை அடித்து, அந்த மரத்தை எழுதினார்.

2016-இல் உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத் தடையை நீக்கிவிட்டது. ஆயாவின் ஊர் கொடுத்த மனுவுக்கு முடிவு வரக் காத்திருக்கிறோம். காடுகளையும் சரணாலயங்களையும் எப்படிக் காப்பது என்ற கூட்டங்களுக்கு இப்போது என்னையும் கூப்பிடுகிறார்கள். அங்கே திட்டங்களைக் கேட்டுவிட்டு, அன்று கோர்ட்டில் கேட்ட கேள்வியைத்தான் கேட்கிறேன். தீப்பிடித்தால் முதலில் ஓடுவது யார்? அவர் பெயர் உங்கள் தாளில் எந்த இடத்தில் இருக்கிறது?