வியர்வையும் பேரேடும்

உழைப்பவர் ஒருவர், அவ்வுழைப்பினைக் கணக்கெழுதுபவர் வேறொருவர் என்னும் நிலை நமது நாட்டிற்குப் புதியதன்று. மலையகத் தோட்டங்களிலே கொழுந்தினை நிறுத்து ஏட்டிற் குறிப்பவர் அதனைப் பறித்தவர் அல்லர். கூடைக்கும் ஈரத்திற்கும் எவ்வளவு கழிக்கப்படுகின்றது என்பதும் பறித்தவரின் முடிவன்று. கூலிக்காக அன்றி, உடல்நலம் கருதித் தாமே விரும்பிக் காலையில் ஓடுகின்றவர்களது ஓட்டமும் இன்று பிறரது ஏட்டிலேதான் ஏறுகின்றது. இவ்விரண்டினையும் ஒரே தட்டில் வைக்க நாம் முனையவில்லை. ஒன்று வயிற்றின் தேவை. மற்றது, பெரும்பாலும், மருத்துவரின் அறிவுரை. எனினும் ஏட்டினை வைத்திருப்பவருக்கும் ஏட்டில் எழுதப்படுபவருக்கும் இடையிலான உறவு இரண்டிலும் ஆராயத்தக்கதே.

இரத்தத்திற் சர்க்கரை கூடுகின்றது என்று மருத்துவர் எச்சரித்த நாளிலிருந்து, ஏறத்தாழ ஆறு ஆண்டுகளாக, நாம் அதிகாலையில் ஓடி வருகின்றோம். கையிற் கட்டிய கடிகாரம் செய்மதிகளின் துணையோடு எமது தூரத்தையும் வேகத்தையும் நாடித்துடிப்பையும் அளந்து, கடல்கடந்த ஒரு கம்பனியின் கணினிக்கு அனுப்பி வந்தது. கம்பனியின் பெயர் இங்கு வேண்டியதில்லை. சென்ற ஆண்டு அக்கம்பனி தனது சேவையினை நிறுத்தப் போவதாகவும், வேண்டியவர்கள் தத்தம் பதிவுகளைக் குறித்த நாளுக்குள் எடுத்துக்கொள்ளலாம் எனவும் அறிவித்தது. எடுத்தாயிற்று. ஆயின் மொத்தமாகக் கட்டிக் கொடுக்கப்பட்ட அப்பொதியினை நாம் சேர்ந்த புதிய சேவை ஏற்க மறுத்துவிட்டது. பதிவுகள் 412. அவற்றிற் பெரும்பாலானவற்றை ஒவ்வொன்றாக இறக்கி, ஒவ்வொன்றாக ஏற்றவேண்டியிருந்தது. எஞ்சியவை வெறும் எண்களாகவே கிடந்தமையால், நாளும் நேரமும் தூரமும் கையால் தட்டெழுதப்பட வேண்டியவையாயின. விடைத்தாள் திருத்தும் மேசையிலேயே மூன்று வாரங்கள் இவ்வேலை நடந்தது.

இப்பதிவுகள் கோப்புகளாகவே இடம் மாறுகின்றன. 2002ஆம் ஆண்டிற் தோன்றிய ஜி.பி.எக்ஸ். என்னும் கோப்புவகை எவருக்கும் உரிமையானதன்று. அகலக்கோடு, நெடுங்கோடு, உயரம், நேரம் என்று புள்ளி புள்ளியாக ஒருவர் சென்ற வழியினைச் சொல்வது. எளிமையே அதன் சிறப்பு, அதுவே குறையும். நாடித்துடிப்புக்கு அதன் மூலவடிவில் இடமில்லை. பின்னர் ஒட்டாகச் சேர்த்தார்கள். அந்த ஒட்டினை ஒரு சேவை வாசிக்கும், மற்றொன்று வாசியாது. கடிகாரங்களுள்ளே உருவாகும் ஃபிட் என்னும் வகையோ யாவற்றையும் சுமக்கும், ஆனால் மனிதக் கண்ணால் வாசிக்க முடியாதது. மேலும், ஜி.பி.எக்ஸ். கோப்பில் நேரம் உலக நியம நேரமாகவே எழுதப்படும். இலங்கை நேரம் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. இதனைக் கருதாத புதிய சேவை, திங்கள் காலை ஐந்து மணிக்கு நாம் ஓடியதை ஞாயிறு இரவு பதினொன்றரைக்கு ஓடியதாக எழுதிக்கொண்டது. நள்ளிரவில் நாய்களுக்கு அஞ்சாது ஓடும் வீரனாக அது எம்மை ஆக்கிவிட்டது! உயரக் கணக்கோ இன்னும் வேடிக்கை. தட்டையான யாழ்ப்பாணக் குடாநாட்டிலே, பண்ணைப் பாலத்தருகே ஓடிய ஐந்து கிலோமீற்றரில் 64 மீற்றர் ஏறினோம் என்றது அது.

கையால் தட்டெழுதிய பதிவுகளின் கதி வேறு. அவற்றைத் தனியாக அடையாளமிட்டு, போட்டிகளிற் சேர்க்க முடியாதவை என ஒதுக்கிவிட்டது. ஓடியவரின் சொல்லை நம்பாது, அவரது மணிக்கட்டிற் கிடந்த பொருளின் சொல்லை நம்பும் ஒழுங்கு இது. ஏமாற்றுவோர் உளர் என்பதனை நாம் மறுக்கவில்லை. ஆயின் அதே எண்கள் பழைய கம்பனியின் கணினியில் ஆறு ஆண்டுகள் உண்மையாய் இருந்தவையே.

கையால் எழுதுவதில் ஒரு பயன் உண்டு. எழுதுபவர் வாசிக்கவும் நேர்கின்றது. 2020 மார்ச் 20இல் ஊரடங்கு வந்தது. அதன்பின் பல வாரங்கள் வெறுமை. பழைய சேவை அதனை ‘செயலற்ற காலம்’ என்று குறித்து, எழுந்து நடமாடுமாறு எமக்கு அறிவுரை அனுப்பியிருந்தது. அதனிலும் வியப்பானது 2022. அவ்வாண்டு ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அரசு அறிவித்தது. பெற்றோல் நிலையங்களில் வரிசைகள் நாட்கணக்கில் நீண்டன. மார்ச் இறுதியில் ஒருநாள் மின்வெட்டு பதின்மூன்று மணித்தியாலம் வரை சென்றிருந்தது. மோட்டார் சைக்கிளை வீட்டில் நிறுத்திவிட்டு, பதினொரு கிலோமீற்றர் தொலைவிலுள்ள பாடசாலைக்குத் துவிச்சக்கரவண்டியில் போய்வந்தோம். கடிகாரம் அதனைத் தானே கண்டுகொண்டு உடற்பயிற்சியெனப் பதிந்தது. மாத முடிவிற் பதக்கம் ஒன்றும் வந்தது. எமது வாழ்நாளின் மிகச்சிறந்த மாதம் என்பது அதன் வாசகம்! அந்த மாதத்திலே எமது வகுப்பிற் காலையுணவின்றி வந்து மயங்கிய பிள்ளைகள் இருந்தார்கள். எரிபொருள் இன்மையினைச் சாதனை எனக் கொள்ளும் கணக்கு எத்தகைய கணக்கு? தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் எமது தந்தையார் இதே வீதியில் இதனிலும் அதிக தூரம் மிதித்தவர். அவருக்குப் பதக்கம் வழங்க எவரும் இருக்கவில்லை. அப்பதக்கத்தினை மட்டும் நாம் புதிய ஏட்டிற்குக் கொண்டுசெல்லவில்லை. பயணங்களைக் கொண்டுசென்றோம், ஒவ்வொன்றின் கீழும் ‘பெற்றோல் இல்லை’ என்று குறிப்பெழுதினோம்.

எமக்கு நேர்ந்தது தனித்த நிகழ்ச்சியன்று. ‘மூவ்ஸ்’ என்ற செயலியினை 2014இல் பேஸ்புக் வாங்கியது. 2018 யூலையில் மூடியது. டென்மார்க்கிற் பிறந்த எண்டோமொண்டோவை 2015இல் அண்டர் ஆர்மர் 85 மில்லியன் டொலருக்கு வாங்கி, 2020 டிசம்பர் 31இல் நிறுத்தியது. வாங்கப்பட்டவற்றுட் பயனாளரின் ஓட்டங்களும் அடங்கும் என்பது வெளிப்படை. கூகிள் ஃபிட்பிட்டினை வாங்க முனைந்தபோது, அதன் உடல்நலத் தரவுகளைப் பத்தாண்டுகளுக்கு விளம்பரத்திற்குப் பயன்படுத்தலாகாது என்னும் நிபந்தனையோடுதான் ஐரோப்பிய ஆணையம் 2020 டிசம்பரில் இசைவளித்தது. நாடித்துடிப்பு விலைபோகும் பண்டம் என்பதற்கு வேறு சான்று வேண்டா. மற்றொரு நிகழ்ச்சியும் குறிக்கத்தக்கது. 2020 யூலையிற் கார்மின் கம்பனியின் கணினிகள் இணையத் தாக்குதலால் முடங்கியபோது, உலகெங்கும் ஓட்டக்காரர்கள் கடிகாரத்தைக் கம்பியால் கணினியோடு இணைத்து, கோப்பினைத் தாமே எடுத்து ஸ்ட்ராவாவில் ஏற்றினார்கள். கோப்பு தம் கையிலேயே இருக்கின்றது என்பதனை அன்றுதான் பலர் அறிந்தனர்.

2018 மே 25 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறையிலுள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 20ஆம் உறுப்புரை, ஒருவர் தாம் அளித்த தரவினை எடுத்துச் சென்று வேறிடத்திற் கொடுக்கும் உரிமையினை வழங்குகின்றது. ஒரு கம்பனியிலிருந்து மற்றக் கம்பனிக்கு நேரே அனுப்பும்படி கேட்கவும் அதில் இடமுண்டு. ஆனால் தொழில்நுட்ப வகையில் இயலுமாயின் மட்டும். அந்த ‘இயலுமாயின்’ என்ற சொல்லிலேதான் எம்போன்றோரின் மூன்று வாரங்கள் கரைகின்றன. இச்சட்டத்திற்கு 2017இல் வெளிவந்த வழிகாட்டுக்குறிப்பு, உடலில் அணியும் கருவி அளந்த நாடித்துடிப்பும் அவர் அளித்த தரவே என்கின்றது. அதிலிருந்து கம்பனி தானாக உய்த்துணர்ந்து ஆக்கிய மதிப்பீடுகள் இவ்வுரிமைக்குள் வாரா. நியாயம் போலத் தோன்றும் பிரிவினைதான். ஆயின் அம்மதிப்பீட்டினாலேயே பிழைப்பவர்கள் இருக்கிறார்கள்.

எமது பழைய மாணவன் ஒருவன் கொழும்பில் மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுசென்று கொடுக்கும் தொழில் செய்கின்றான். அவனது கைத்தொலைபேசியும் எமது கடிகாரத்தைப் போன்றே ஒவ்வொரு மீற்றரையும் பதிகின்றது. சித்திரைப் புத்தாண்டுக்கு ஊர் வந்தவனிடம் எமது மூன்று வாரக் கதையினைச் சொன்னபோது அவன் சிரித்தான். “நான் நாலு வருசமாய் ஓடின கணக்கு, சேர். புதுக் கொம்பனியில நான் நேற்று வந்தவன் மாதிரித்தான்” என்றான். வாடிக்கையாளர் அவனுக்கு இட்ட மதிப்பெண்களைப் பொறுத்தே பழைய கம்பனியில் தனக்கு வேலை கிடைத்து வந்தது என்கிறான். அம்மதிப்பெண்கள் அவனோடு வரமாட்டா.

தோட்டங்களில் முன்னர் ‘துண்டு’ முறை என்று ஒன்று இருந்தமையினைப் பலரும் அறிவர். தொழிலாளியின் கடன் கணக்கினைக் கூறும் அத்துண்டுக் கடதாசி இன்றி அவர் வேறு தோட்டத்திற்குப் போக இயலாது. கடனை ஏற்பவரே அவரையும் ஏற்பார். 1921இல் அது சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. துண்டு தொழிலாளியின் கடனைச் சுமந்து அவர் பின்னாலேயே சென்றது. எமது மாணவனின் நற்பெயரோ அவனைப் பின்தொடர மறுக்கின்றது. இரண்டிலும் கடதாசி அவர் கையில் இல்லை.

எமது முறையில் அவனும் கையால் எழுதிக்கொள்ள முடியுமா என்று பார்த்தோம். அவனது கைத்தொலைபேசித் திரையில் பெயர் எழுத இடம் இருந்தது, அடையாள அட்டை இலக்கம் எழுத இடம் இருந்தது, வங்கிக் கணக்கு இலக்கம் எழுதவும் இடம் இருந்தது. முன்னைய சேவைக்கு இடம் இருக்கவில்லை. மாதந்தோறும் தனது மதிப்பெண் தோன்றும் திரையினை அவன் படம்பிடித்து வைத்திருக்கின்றான். நாற்பதுக்கு மேற்பட்ட படங்கள். புதிய கம்பனி அவற்றைக் கேட்கவில்லை.